ஏழு இடங்களில் மாற்றிய கன்றுக்குட்டி

துணியில் அச்சாகும் படங்களைத் தயாரிக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களிடம் ஒரு தாளைக் கொடுத்திருப்பார்கள். லேமினேட் செய்து, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருப்பீர்கள். ரெஃபரன்ஸ் என்று, பார்த்துச் செய்யச் சொல்லி வரும் படத்தை நம்முடைய டிசைனாக மாற்ற ஏழு படிகள். ஒன்று, படத்தை இடவலம் திருப்பு. இரண்டு, நிறங்களை மாற்று. மூன்று, தலைக்கும் உடலுக்கும் உள்ள அளவை மாற்று. நான்கு, கோட்டின் தடிமனை மாற்று. ஐந்து, புதிதாக ஒன்றைச் சேர். ஆறு, இருப்பதில் ஒன்றை எடு. ஏழு, படம் துணியில் திரும்பத் திரும்ப வரும் அடுக்கை மாற்று.

அந்தத் தாளை எழுதியவள் நான். கீழே என் பெயர் இல்லாததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. கோயம்புத்தூரில் ஒரு ஸ்டுடியோவுக்காக எழுதியது. ஆட்கள் வேலை மாறும்போது பென் டிரைவில் ஏறித் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் போய்விட்டது. போன மாதம் அவினாசிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் அதைப் பார்த்தேன். நான் செய்த எழுத்துப் பிழையோடு அப்படியே இருந்தது. அதில் மட்டும் யாரும் ஏழு இடங்களில் மாற்றவில்லை.

குழந்தைகளின் பின்னலாடைகள் மேல் அச்சாகும் படங்களைத் தயாரிப்பது ஒன்பது வருடம் என் வேலையாக இருந்தது. ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவள். வரையும் திறமை சுமார், ஒழுங்கு அதிகம். எதையும் எண் போட்டு எழுதினால்தான் எனக்கு மனம் அடங்கும். பணி அனுபவம் எழுதுகிறவர்களுக்குத் தலை நரைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு முப்பத்து மூன்று வயது. ஒரு வருடத்துக்கு முன் இந்தத் தொழிலை விட்டேன். இப்போது துணியில் சாயம் போகிறதா என்று பார்க்கும் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். அங்கே எதையும் வரைய வேண்டியதில்லை.

தாள் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் ஒரு விதி வைத்திருந்தார். "மூணுல ஒரு பங்கு மாத்திப்போட்டா அது நம்மளது அம்மணி. ஒருத்தனும் கேக்க முடியாது."

தொழிலில் எல்லாருமே இதைச் சொன்னார்கள். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன்.

"புஸ்தகத்துல இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்தார்.

ஒரு கிளியில் மூன்றில் ஒரு பங்கு என்பது எது? அலகா, வாலா? அளக்க முடியாத விதி எனக்குப் பிடிக்காது. அதனால் அதை அளக்கக்கூடியதாக ஆக்கினேன். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் டிக் அடிக்க ஒரு கட்டம். ஏழு டிக் விழுந்தால் படம் நம்முடையது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு குழப்பத்தைத் தீர்த்து வைத்ததாகத்தான் நினைத்தேன்.

இரண்டாம் வருடத்தில் ஒரு புகார் வந்தது. ஈரோட்டுக்காரர் ஒருவர், எங்கள் மாங்காய்க் கரை அவருடையது என்று சண்டைக்கு வந்தார். நான் ஒரு மணி நேரத்தில் பழைய சேலைகள், ஜமுக்காளங்கள், கோயில் தூண்கள் என்று அதே மாங்காய் இருக்கும் இருபது படங்களைத் திரட்டி அவர் முன்னால் பரப்பினேன். அவர் பார்த்துவிட்டு, "சரி, உடுங்க. மாங்கா எல்லார் ஊட்டுலயுந்தான் காய்க்குது" என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார். அன்று நியாயம் எங்கள் பக்கம்தான். மாங்காயும் கோலப் புள்ளியும் கோபுரக் கரையும் யாருடைய தனிச் சொத்தும் இல்லை. அவற்றை எடுத்தாள உங்களுக்கும் எனக்கும் முழு உரிமை உண்டு. ஆனால் அதன் பிறகு வரும் எல்லாப் புகார்களும் மாங்காய்ப் புகார்கள்தான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். ஒரு தடவை சரியாக இருந்துவிட்டால் அடுத்த தடவை யோசிக்காமல் இருக்கும் தைரியம் வந்துவிடுகிறது.

இனி கன்றுக்குட்டிக்கு வருகிறேன்.

ஒரு பெரிய ஆடைக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் காலையில் போன் செய்தார். கைக்குழந்தைகளுக்கான சட்டைக்கு ஐந்து டிசைன்கள், மறுநாள் மதியத்துக்குள் வேண்டும். ரெஃபரன்ஸ் அனுப்பியிருந்தார். நான்கு சாதாரணமானவை. ஐந்தாவது ஒரு கன்றுக்குட்டி. செவலை நிறம், முன்னங்கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, இப்போதுதான் நிற்கக் கற்றது போல நின்றது. ஒரு காதின் ஓரம் மட்டும் உள்ளே வளைந்து, பிறை போல இருந்தது. அந்த வளைவு எனக்கு மிகவும் பிடித்தது. குழந்தைப் படங்களில் காது எப்போதும் இலை மாதிரிதான் இருக்கும். இவ்வளவு புதிதாக யாருக்குத் தோன்றியது என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

படத்தின் வலது ஓரம் வெட்டப்பட்டிருந்தது. ரெஃபரன்ஸ் படங்கள் அப்படித்தான் வரும். வரைந்தவர் பெயரையோ கடைப் பெயரையோ வெட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள். தெரியாமல் இருப்பது எல்லாருக்கும் வசதி. நானும் யாருடையது என்று கேட்கவில்லை.

ஏழு படிகளையும் செய்தேன். திருப்பினேன். செவலையை நீலமாக்கினேன். தலையைப் பெரிதாக்கினேன். கோட்டை மெல்லியதாக்கினேன். ஒரு நட்சத்திரம் சேர்த்தேன். கழுத்து மணியை எடுத்தேன். அடுக்கை மாற்றினேன். ஏழு டிக். காதைத் தொடவில்லை. தாளில் காதுக்குக் கட்டம் இல்லை.

டிசைன் உடனே தேர்வானது. அந்த வருடம் நீலக் கன்றுக்குட்டி எல்லா ஊர்க் கடைகளிலும் தொங்கியது.

ஆறு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பெண் ஸ்டுடியோவுக்கு வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூடுதல் இருக்கும். காங்கேயம் பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கையில் ஒரு துணிப்பை.

"ஏனுங்க, கன்னுக்குட்டிப் படம் போட்டது இங்கதானுங்களா?"

பெயர் தேன்மொழி என்றார். பையிலிருந்து இரண்டு குழந்தைச் சட்டைகளை எடுத்து என் மேசையில் விரித்தார். ஒன்றில் எங்கள் நீலக் கன்று. இன்னொன்றில் செவலைக் கன்று, கழுத்தில் மணியோடு. என் ரெஃபரன்ஸில் வெட்டப்பட்டிருந்த ஓரம் அங்கே முழுதாக இருந்தது. சின்ன எழுத்தில் அவர் பெயர்.

அவர் சொன்னதை வரிசையாகச் சொல்கிறேன். காங்கேயத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் மேசை போட்டு, தானே வரைந்து, தானே சட்டைகளில் அச்சடித்து வந்தார். கோயம்புத்தூர் பெரிய கடை வீதியில் காதர் பாய் என்பவரின் குழந்தைத் துணிக்கடை ஒன்றுதான் அவருக்கு வியாபாரம். ஒரு நாள் பாயின் கடைக்கு வந்த ஒரு பெண் எங்கள் நீலக் கன்றுச் சட்டையைக் காட்டி, "கம்பெனி டிசைனைக் காப்பி அடிச்சு விக்கறீங்களே" என்று கேட்டிருக்கிறார். பாய் தேன்மொழியைக் கூப்பிட்டு, இனிமேல் சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கம்பெனி பெரியது, இவர் சிறியவர். யார் யாரைப் பார்த்து வரைந்திருப்பார்கள் என்று கேட்டால் ஊரில் எவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

எங்களை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். அச்சுக்கு ஸ்க்ரீன் போட்டுக் கொடுக்கும் திருப்பூர்க்காரர் ஒருவரேதான் அவருக்கும் எங்களுக்கும். "அவரு என்னைப் பாத்ததும், கன்னுக்குட்டியைக் கம்பெனிக்கு வித்துப்போட்டீங்களா அம்மணின்னு கேட்டாருங்க. காதைப் பாத்துக் கண்டுபிடிச்சாராம்."

"காதுங்களா?"

"எங்க ஊட்டுக் கன்னுங்க. பொறந்த பத்தாம் நாளு நாய் கடிச்சுப்போடுச்சு. பாதிக் காது போயிருச்சு. நான் பாத்து வரஞ்சேன்." எங்கள் சட்டையைத் தன் பக்கம் திருப்பி, கன்றின் காதில் விரலை வைத்தார். "எங்க கன்னுக்கு எடது காதுங்க. உங்க கன்னுக்கு வலது காதைக் கடிச்ச நாய் யாரு ஊட்டு நாயிங்க?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். நான் வளைவு என்று ரசித்தது ஒரு கடி.

அவர் நஷ்ட ஈடு கேட்கவில்லை. சட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கச் சொல்லவில்லை. ஸ்டுடியோ தாளில் இரண்டு வரி கேட்டார். இந்தப் படத்தை முதலில் வரைந்தது தேன்மொழி, அதைப் பார்த்துத்தான் நாங்கள் செய்தோம் என்று. "பாய்கிட்டக் காட்டோணுமுங்க. அவரு நல்ல மனுசருங்க. கடையில நாலு பேரு இருக்கறப்போ என்னைத் திருடின்னு சொல்லிப்போட்டாரு. அது மட்டும் மாறினாப் போதுமுங்க."

முதலாளி அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார், டீ கொண்டுவருபவரைக்கூட.

"டிசைனைப் பதிவு பண்ணியிருக்காங்களான்னு கேட்டீங்களா?"

"இல்லைங்க சார். கேட்கலை."

"கேளுங்க. அப்புறம், கன்னுக்குட்டி என்ன அவங்க அப்பன் ஊட்டுச் சொத்தா? ஊருக்கே இருக்குது. நீங்கதான் ஏழு எடத்துல மாத்தியிருக்கீங்கல்ல? அதை வரிசையா எடுத்துச் சொல்லி அனுப்பிருங்க அம்மணி. உங்களுக்குத்தான் டெக்னிக்கலாப் பேச வரும். எழுத்துல மட்டும் ஒன்னும் வேண்டாம். ரெண்டாவது லாட்டு அச்சாயிட்டிருக்குது."

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு ஐந்து நிமிடம் வரும். முதலாளி அறையிலிருந்து உங்கள் மேசை வரை எத்தனை அடி இருக்கிறதோ அவ்வளவுதான் யோசிக்கக் கிடைக்கும் நேரம். எனக்குள் ஓடியவற்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஸ்டுடியோவில் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். அந்தக் கம்பெனி போனால் பாதிப் பேர் வீட்டுக்குப் போவார்கள். படத்தைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை, கம்பெனி. பெயரை வெட்டியதும் நான் இல்லை. மாங்காய்க்காரர் சிரித்துக்கொண்டேதானே போனார். இவை எல்லாம் உண்மை. எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அதுவும் எனக்கு அப்போதே தெரிந்தது. இப்போது யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை.

ஆனாலும் நான் செய்தது இதுதான். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பிரிண்ட் எடுத்தேன். பேனாவால் ஒன்று முதல் ஏழு வரை வட்டம் போட்டேன். அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு நிதானமாக விளக்கினேன். திசை வேறு, நிறம் வேறு, தலை வேறு, கோடு வேறு. அவர் ஏழு வட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டார்.

"ஏழு எடத்துல மாத்துனேங்கறீங்க. எதை மாத்துனீங்க?"

என் பட்டியலே சாட்சியாகிவிட்டது. ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதவளால் அதிலிருந்து என்னென்ன மாற்றினேன் என்று எண் போட்டுச் சொல்ல முடியாது. ஏழு கட்டங்களிலும் நான் அடித்த டிக், இது இன்னொருவருடையது என்று நானே ஏழு தடவை போட்ட கையெழுத்து.

"கேட்டுச் சொல்றேனுங்க" என்றேன்.

"எப்போ வரட்டுமுங்க?"

"நீங்க அலைய வேண்டாமுங்க. நானே போன் பண்றேன்."

அவர் என் எண்ணை வாங்கிக்கொண்டு தன் எண்ணையும் தந்தார். செவலைக் கன்றுச் சட்டையை மடித்துப் பையில் வைத்தார். நீலச் சட்டையை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரம் முதலாளி வக்கீலிடம் பேசினார். பதிவு செய்யாத டிசைன், சட்டைகளில் அச்சடித்து விற்பனைக்குப் போய்விட்ட டிசைன், வழக்கு நிற்பது கஷ்டம் என்று வக்கீல் சொன்னாராம். முதலாளி நிம்மதியாகச் சிரித்தார். நான் நியாயமான பயன்பாடு என்பது என்ன என்று தனியாகத் தேடிப் படித்தேன். படிப்பதற்காக ஒன்றை வரைந்து பார்க்கலாம். அதைப் பற்றிக் கருத்து எழுத எடுத்துக் காட்டலாம். மூன்றில் ஒரு பங்கு என்று எங்கேயும் இல்லை. ஏழு இடங்கள் என்றும் இல்லை. சட்டம் எங்களைத் தண்டிக்கவில்லை என்பது மட்டும்தான் வக்கீல் சொன்னதற்குப் பொருள். நாங்கள் செய்தது சரி என்று அவர்கூடச் சொல்லவில்லை.

தேன்மொழி மூன்று முறை போன் செய்தார். முதல் முறை, முதலாளி சொன்னதை நான் அப்படியே சொன்னேன். "நல்லா வரையறீங்க. எங்க ஸ்டுடியோவுலயே வேலைக்கு வர்றீங்களான்னு சார் கேட்கச் சொன்னாருங்க."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு மாடு கத்தியது.

"எதுக்குங்க? என்னோடதையே நான் ஏழு எடத்துல மாத்தறதுக்குங்களா?"

இரண்டாம் முறை, "பேசிட்டிருக்கோமுங்க" என்றேன். யாரும் எதுவும் பேசிக்கொண்டிருக்கவில்லை. மூன்றாம் முறை போன் ஒலித்து நிற்கும்வரை திரையில் அவர் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அவர் கூப்பிடவில்லை. பிரச்சினை முடிந்தது என்று ஸ்டுடியோவில் எல்லாரும் நினைத்தார்கள். எனக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கு அதே தாளைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

தேன்மொழி ஸ்டுடியோவுக்கு வந்து பத்து மாதம் கழித்து என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. சட்டை வாங்கப் பெரிய கடை வீதிக்குப் போனேன். காதர் பாயின் கடைக்குத்தான் போனேன். தற்செயலாகப் போனேன் என்று சொல்லிக்கொண்டால் பொய். அந்த மனிதரைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

அறுபது வயது இருக்கும். தானே எழுந்து வந்து சட்டைகளை எடுத்துப் போட்டார். எல்லாவற்றையும் உள்பக்கம் திருப்பித் தையலைக் காட்டினார். குழந்தைக்கு உறுத்தக்கூடாது என்றார். நான் கேட்டுவிட்டேன்.

"கன்னுக்குட்டிப் படம் போட்டது இருந்துச்சாமே, இல்லீங்களா?"

"இருந்துச்சுங்க. காங்கேயத்துப் புள்ள ஒன்னு கொண்டாந்துட்டு இருந்துச்சு. நல்லா ஓடுச்சுங்க. அப்புறம் பாத்தா கம்பெனிக்காரன் டிசைனு. நிறுத்திப்போட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "எங்க அத்தா காலத்துலருந்து கடை நடத்தறோமுங்க. அடுத்தவன் சரக்கை நம்மதுன்னு சொல்லி இங்க வித்தது இல்லீங்க."

தொழிலில் என்னைக் கலங்க வைத்தவர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று நினைத்திருந்தேன். அன்று என்னைக் கலங்க வைத்தது அவருடைய நேர்மை. காப்பி அடிப்பதை வெறுக்கும் ஒருவர், தன் கொள்கைக்கு நஷ்டப்பட்டு, காப்பி அடிக்காதவரைத் தண்டித்திருந்தார். தேவையான உண்மை என்னிடம் இருந்தது. பத்து மாதமாக நான் அதைக் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

"பாய், அது அவங்களோடதுதானுங்க" என்றேன். "காப்பி அடிச்சது நானுங்க."

அவர் கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்தார். முழுவதையும் சொன்னேன். பில் போடும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று கடிதம் எழுதினேன். என் பெயர், என் வேலை, எப்போது எப்படிச் செய்தேன் என்பது, கீழே கையெழுத்து. ஸ்டுடியோ தாள் இல்லை. ஸ்டுடியோ தரப்போவதும் இல்லை. என் பெயருக்கு நானே பொறுப்பாக முடியும் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"நான் அந்தப் புள்ளைகிட்ட என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றார். "உன்ற குழந்தைக்கும் இப்படித்தான் திருடச் சொல்லித் தருவியான்னு கேட்டுப்போட்டனுங்க."

போன் செய்து பார்த்தார். தேன்மொழி எடுக்கவில்லை. "ஞாயித்துக்கெழமை போலாமுங்க. நீங்களும் வாங்க. வரோணும்" என்றார். அடுத்த நாள் நான் வேலையை விட்டேன். முதலாளி காரணம் கேட்டார். சொன்னேன். "உங்களுக்கு மனசு எளகுன மனசு அம்மணி, இந்தத் தொழிலுக்கு ஆகாது" என்று வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இளகிய மனசாக இருந்திருந்தால் முதல் நாளே எழுதிக் கொடுத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பாயின் மருமகன் காரில் போனோம். தேன்மொழி வீட்டு வாசலில் மாடு கட்டியிருந்தது. கொட்டகையை ஒட்டிய அறையில் மேசை இல்லை. தீவன மூட்டைகள் அடுக்கியிருந்தன. இப்போது பக்கத்து எண்ணெய் ஆலையில் பேக்கிங் வேலைக்குப் போவதாகச் சொன்னார். எங்களைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. "வாங்க" என்றார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

கடிதத்தைப் படித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி என்னிடம் நீட்டினார். அவருடைய படத்தை ஒத்த ஒரு படத்தைச் செய்தேன் என்று எழுதியிருந்தேன். அவ்வளவு நடந்த பிறகும் என் கை அப்படித்தான் எழுதியிருந்தது.

"ஒத்ததுங்களா?" என்றார்.

அந்த வரியை அடித்துவிட்டு, அவர் படத்தை நான் நகல் எடுத்தேன் என்று எழுதி, பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போட்டேன். அவர் அதை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகினார்.

பாய் எழுந்து நின்றார். "அம்மணி, நாலு பேரை வெச்சுச் சொன்னேன். அதே நாலு பேரைக் கூப்புட்டு, உனக்கு முன்னாடி நான் சொன்னது தப்புன்னு சொல்றேன். கடைக்கு வா. பழையபடி போடு. என்ன வரஞ்சாலும் நான் எடுத்துக்கறேன்."

தேன்மொழி உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்து பாயிடம் கொடுத்தார். பாய் பார்த்துவிட்டு எனக்குத் தந்தார். பக்கம் பக்கமாகப் பாதிப் படங்கள். பின்னங்கால் இல்லாத ஆட்டுக்குட்டி. ஒற்றைச் சிறகோடு ஒரு காக்கை. கூரைக்கு மேல் வால் மட்டும் இருக்கும் ஓணான். ஒவ்வொன்றும் அழகாகத் தொடங்கி, ஒரே மாதிரி ஓர் இடத்தில் நின்றிருந்தது.

"வரைய உக்கார்றனுங்க பாய். கொஞ்சம் போட்டதும் சந்தேகம் வந்துருது. இதை முன்னாடியே எங்காச்சும் பாத்திருப்பனோன்னு. போனை எடுத்துத் தேடறேன். எப்படியும் யாராச்சும் வரஞ்சிருக்கறாங்க. அதோட உட்டுப்போடறேன்."

"நாந்தான் சொல்றனே புள்ள, நீ காப்பி அடிக்கலைன்னு."

"நீங்க சொல்றீங்க. கையி கேக்க மாட்டேங்குது."

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அந்தக் காக்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "காக்காவை யாரு வேணும்னாலும் வரையலாமுங்க."

"நீங்க வரையலாமுங்க" என்றார் தேன்மொழி. "உங்களை யாரும் கேக்க மாட்டாங்க."

பிறகு நோட்டை வாங்கிக்கொண்டு, மத்தியானம் ஆகிவிட்டது, சாப்பிடாமல் போகக்கூடாது என்றார். வாழை இலை அறுத்து வந்து போட்டார். பாயும் நானும் சாப்பிட்டோம். அவர் நின்று பரிமாறினார்.

உங்களுக்குப் புதிதாக ஒரு பட்டியல் தரலாம் என்று இதை எழுதத் தொடங்கினேன். யாருடையது என்று கேளுங்கள், ரெஃபரன்ஸை மூடிவிட்டு வரைய முடிகிறதா பாருங்கள், ஊர் முழுக்க இருப்பதையும் ஒருவர் மட்டும் கண்டதையும் பிரித்துப் பாருங்கள் என்று மூன்று எழுதினேன். மூன்றும் சரியானவைதான். நிறுத்திவிட்டேன். என்னிடம் இருந்த குறை பட்டியல் இல்லாதது அல்ல. எதிரே ஒரு பெண் நின்று, இது என்னுடையது என்று சொன்னபோது, ஆமாம் என்று சொல்ல எனக்குப் பத்து மாதம் ஆனது. அன்றே சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு கடை மட்டும்தான் கொஞ்ச நாள் போயிருக்கும்.

மாதத்துக்கு ஒரு முறை அவருக்குப் போன் செய்கிறேன். இப்போது எடுக்கிறார். மழை, மாடு, ஆலை வேலை என்று மரியாதையாகப் பேசுவார். கடைசியில் நான் கேட்பேன், ஏதாவது வரைந்தீர்களா என்று. போன வாரமும் கேட்டேன்.

"இல்லீங்க" என்றார்.